ஏரி வழி

நடுவரின் மேசையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று அவள் கொண்டுவந்தது. இன்னொன்று அவன் கொண்டுவந்தது. இரண்டிலும் அதே இரண்டு ஊர்களின் பெயர்கள்.

குடும்ப நீதிமன்றம் நியமித்த நடுவர், ஓய்வு பெறும் வயதை நெருங்கிய பெண்மணி. மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு முதல் தாளைக் கண்ணருகே கொண்டுபோனார்.

"தூரம் நானூத்திப் பன்னிரண்டு கிலோமீட்டர். விமான நேரம் நாற்பத்தெட்டு நிமிஷம்." இரண்டாவதை எடுத்தார். "வீட்டுலேர்ந்து வீட்டுக்கு அஞ்சு மணி நேரம் பத்து நிமிஷம்." இரண்டையும் கீழே வைத்தார். "ஏன்மா, ஏன்பா, ரெண்டு பேரும் ஒரே ஊரைப் பத்தித்தான் சொல்றீங்களா?"

"நெட்ல இருக்கறதைத்தான் எடுத்துட்டு வந்தேன்" என்றாள் அவள்.

"நெட்ல இருக்கறது நூல் பிடிச்ச தூரம்" என்றான் அவன். "பிளேன் நூல் பிடிச்சாப்ல போகாது."

"எப்படிப் போகும்னு உங்களுக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்? வழி போடறவரே நீங்கதானே."

பதினோரு வருடம் ஒருவரையொருவர் 'நீ' என்று கூப்பிட்டவர்கள். பிரிந்த பிறகு 'நீங்க' வந்திருந்தது.

அவள் சொன்னது சரி. அவன் விமான நிறுவனத்தில் டிஸ்பாட்சர். விமானம் எந்த வழியில், எந்த உயரத்தில், எவ்வளவு எரிபொருளோடு போக வேண்டும் என்று திட்டம் போட்டுக் கொடுப்பது வேலை. கேப்டன் அதில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் விமானம் நகரும். அவள் செயற்கைப் பல் செய்யும் லேபில் இருந்தாள். எத்தனை முறை கழுவினாலும் நகக்கண்ணில் பல் அச்சு வார்க்கும் மாவு வெள்ளையாக ஒட்டியிருக்கும். இப்போது வேறு ஊரில் ஒரு பெரிய லேபுக்குத் தலைமையாகக் கூப்பிட்டிருந்தார்கள். அடுத்த மாதம் சேர வேண்டும்.

பிரிவு உத்தரவில் ஒரு வரி இருந்தது. பெற்றோர் இருவர் வீட்டுக்கும் இடையே பயணம் நான்கு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால், ஊரை விட்டுப் போகிறவர் குழந்தையை விட்டுவிட்டுப் போக வேண்டும். அந்த வரியை எழுதியபோது இருவரும் கவனிக்கவில்லை. இரண்டு வீடுகளும் அப்போது ஒரே பேருந்துத் தடத்தில் இருந்தன. மகள் வார நாட்களில் அம்மாவிடம், சனி ஞாயிறு அப்பாவிடம் என்று ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது அந்த ஒரு வரிதான் எல்லாம். நான்கு மணி நேரத்துக்குள் என்றால் மகள் அம்மாவோடு போவாள். மேலே என்றால் அவனோடு இருப்பாள்.

நடுவர் இரண்டு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மடித்தார்.

"எனக்கு ரெண்டு பேர் கணக்கும் வேண்டாம். நானே போறேன். வர்ற சனிக்கிழமை. பொண்ணும் அம்மாவும் என்கூட. இவர் வீட்டுக் கதவைச் சாத்தும்போது கடிகாரத்தைப் பார்ப்பேன். உங்க புது வீட்டுக் கதவைத் தொடும்போது பார்ப்பேன். வர்றதுதான் கணக்கு."

"நானும் வரேனே" என்றான்.

"நீங்க வேண்டாம். வண்டி மெதுவாப் போச்சு, வேகமாப் போச்சுன்னு ரெண்டு பேரும் வழியெல்லாம் சண்டை போடுவீங்க. எனக்கு ரத்தக் கொதிப்பு இருக்கு."

அவள் சிரித்தாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

*

மகளை எல்லோரும் வாலு என்றுதான் கூப்பிட்டார்கள். பள்ளியில் மட்டும் வேறு பெயர். ஒன்பது வயது.

அவன் வீட்டுக் கூடத்தில் சுவர் முழுவதும் விமான வழிகளின் வரைபடம் ஒன்று ஒட்டியிருந்தது. ஆபீசில் பழசாகிப்போனது. வாலு ஞாயிற்றுக்கிழமைகளில் அதன் முன்னால் நாற்காலி போட்டு ஏறி நிற்பாள். அம்மா போகப்போகிற ஊரைக் கண்டுபிடித்து, தங்கள் ஊரிலிருந்து அதற்கு விரலால் கோடு இழுத்தாள். கோட்டுக்குக் கிழக்கே ஒரு பெரிய நீலத் திட்டு.

"இது என்னப்பா?"

"ஏரி."

"பிளேன்லேர்ந்து தெரியுமா?"

"நம்ம வழி அந்தப் பக்கம் போகாது."

"நீதானே வழி போடுறே?"

"நினைச்சபடி போட முடியாதுடா."

"ஒரு தடவைகூடவா?"

அவள் நாற்காலியிலிருந்து குதித்து வேறு விளையாட்டுக்குப் போய்விட்டாள்.

சனிக்கிழமை காலை ஷிப்ட் அவனுடையது இல்லை. கேட்டு மாற்றிக்கொண்டான். பிள்ளை போகிற விமானம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னான். அது பொய்யும் இல்லை.

அந்த வாரம் அவன் தனியாக ஒரு கணக்குப் போட்டுப் பார்த்திருந்தான். நடுவரிடம் கொடுத்த கணக்கு அல்ல. உண்மையானது. வீட்டிலிருந்து விமான நிலையம், வரிசை, விமானம், பெட்டி வரும் நேரம், அங்கிருந்து டாக்சி. மூன்று மணி நேரம் ஐம்பத்தைந்து நிமிடம் வந்தது. மறுபடி போட்டான். அதேதான் வந்தது.

காலையில் அவன் மேசையில் உட்கார்ந்ததும் வாலு அம்மாவின் போனிலிருந்து கூப்பிட்டாள்.

"அப்பா, எனக்கு ஜன்னல் சீட். பதினாலு ஏ. அந்த ஆன்ட்டி என் பக்கத்துல உக்காரப் போறாங்க. கையில ரெண்டு வாட்ச் கட்டியிருக்காங்கப்பா. ஒண்ணு நின்னுட்டா இன்னொண்ணாம்."

"சமர்த்தா போயிட்டு வா."

"நீதானே இன்னைக்கு வழி போடுறே?"

"ஆமா."

"நல்லதாப் போடு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

*

அவன் முன்னால் நான்கு திரைகள். அந்த இரண்டு ஊர்களுக்கு இடையே இரண்டு வழிகள் உண்டு. ஒன்று நேர் வழி. இன்னொன்று கிழக்கே வளைந்து ஏரிக்கு மேலே போவது. நேர் வழியில் ராணுவத்தின் சுடுதளம் இருந்தது. அங்கே பயிற்சி நடக்கிற நாட்களிலும், மேகம் கூடுகிற நாட்களிலும் ஏரி வழி. அதற்குப் பதினோரு நிமிடம் கூடுதல்.

சனிக்கிழமை பயிற்சி கிடையாது.

அவன் வானிலைப் படத்தைத் திறந்தான். நேர் வழியில், பாதி தூரத்தில், சில வெள்ளைப் புள்ளிகள். பெரிதாக்கிப் பார்த்தான். இன்னும் பெரிதாக்கினான். போதுமான அளவு பெரிதாக்கினால் எதுவும் மேகம்தான். கிழக்குப் பக்கத்தை ஒரு தடவை பார்த்தான். சுத்தமாக இருந்தது. அவன் தேடியது அங்கே இல்லாததால் அதற்கு மேல் அங்கே பார்க்கவில்லை.

ஏரி வழியைத் தேர்ந்தெடுத்தான். அதற்கான எரிபொருளைச் சேர்த்தான். காரணம் என்ற கட்டத்தில் மேகம் என்று அடித்தான். அனுப்பினான்.

அடுத்த மேசையில் இருந்தவரை அந்த அறையில் எல்லோரும் மாமா என்பார்கள். அவர் எல்லோரையும் மாப்ளே என்பதால் வந்த பெயர். திட்டம் அவர் திரையிலும் வரும்.

"என்ன மாப்ளே, ஏரிக்கு டூர் விடுறியா?"

"மேகம்."

மாமா நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து அவன் திரையைப் பார்த்தார்.

"இதுவா? என் வீட்டுக்காரி போர்வையை உதறினா இதைவிட ஜாஸ்தி கிளம்பும்."

"மத்தியானம் வளரும்."

மாமா ஒரு நிமிடம் திரையைப் பார்க்காமல் அவனைப் பார்த்தார். பிறகு நாற்காலியை உருட்டிக்கொண்டு தன் இடத்துக்குப் போனார். ஒருவர் போட்ட திட்டத்தை இன்னொருவர் இரண்டாம் முறை கேட்பது அந்த அறையில் வழக்கம் இல்லை.

கேப்டன் போனில் வந்தார்.

"சார், நேர் வழி சும்மாதானே கிடக்கு?"

"நடுவுல மேகம் கட்டுது கேப்டன்."

"எனக்கு ஒண்ணும் பெருசாத் தெரியலையே."

"இன்னும் ஒரு மணி நேரத்துல தெரியும்."

"சரி, நீங்க சொன்னா சரி. கடலைச் சுத்திப் போங்கன்னாலும் எனக்குச் சம்பளம் அதேதான்."

விமானம் ஏறியது. திரையில் அது ஒரு பச்சைப் புள்ளி. புள்ளி கொஞ்ச தூரம் நேராகப் போய், பிறகு கிழக்கே திரும்பியது. அவனுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி அவனுக்குப் பிடிக்கவில்லை. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான்.

வந்தபோது புதிய வானிலைப் படம் வந்திருந்தது. நேர் வழியிலிருந்த புள்ளிகள் அப்படியேதான் இருந்தன. இரண்டு காணாமலும் போயிருந்தன. ஏரிக்கு மேலே, கிழக்குக் கரையை ஒட்டி, வெள்ளையாக ஒன்று எழுந்து நின்றது. இந்த மாதத்தில் மத்தியான வெயிலுக்கு ஏரிக்கரையிலிருந்து மேகம் எழும்பும். திடீரென்று எழும்பும். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் சொல்லிக்கொடுப்பது அது. அவனே மூன்று பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறான்.

விமானத்துக்குச் செய்தி அடித்தான். ஏரியின் கிழக்குக் கரையில் மேகம், மேற்கே ஒதுங்கவும்.

பதில் வந்தது. பார்த்துவிட்டோம், ஒதுங்குகிறோம்.

புள்ளி மேற்கே சாய்ந்தது. அவன் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டிருந்தான். மாமா தன் திரையை விட்டுவிட்டு அவன் பின்னால் வந்து நின்றார்.

அடுத்த செய்தி வர நேரமாயிற்று. வந்தது.

பலத்த குலுக்கல். இப்போது சரி. ஒரு பயணிக்குக் காயம். தரையில் மருத்துவர் தேவை. இருக்கை பதினான்கு ஏ.

அவன் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"யாருப்பா?" என்றார் மாமா.

மாமா அவன் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார்.

*

தாடையில் ஐந்து தையல் என்று அவள் போனில் சொன்னாள். எலும்புக்கு ஒன்றும் இல்லை. விமான நிலைய மருத்துவமனையிலேயே போட்டுவிட்டார்கள். பயப்பட ஒன்றும் இல்லை.

"நான் வரேன்" என்றான்.

"வாங்க" என்றாள்.

அடுத்த விமானத்தில் இடம் கிடைத்தது. மீதி ஷிப்டை மாமா எடுத்துக்கொண்டார்.

"உன் பிளேனுக்கு நேர் வழி போட்டிருக்கேன்" என்றார். சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

நேர் வழியில் ஒரு குலுக்கல் இல்லை. மூடியில்லாத தம்ளரில் தண்ணீர் அசையாமல் இருந்தது. அவன் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்துக்கொண்டே போனான். காய்ந்த மண், ஒரு ரயில் பாதை, சுடுதளத்தின் வேலி. வானத்தில் ஒன்றும் இல்லை. பக்கத்தில் இருந்தவர் செய்தித்தாளின் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் போவதற்குள் சக்கரம் தரையைத் தொட்டது.

அவள் வாடகைக்குப் பிடித்திருந்த வீடு மூன்றாவது மாடியில் இருந்தது. புதுச் சுண்ணாம்பு வாசனை. கூடத்தில் சாமான் ஒன்றும் வரவில்லை. இரண்டு அட்டைப் பெட்டிகள், ஒரு வாளி, ஒரு விளக்குமாறு. நடுவர் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையிலும் கடிகாரம் இருந்தது.

கதவைத் திறந்த அவள் இன்னும் பயணத்தில் போட்டிருந்த சட்டையிலேயே இருந்தாள். சட்டைக் கையில் ரத்தம் பட்டுப் பழுப்பாகக் காய்ந்திருந்தது.

"தூங்கறா" என்றாள்.

அவன் உள்ளறைக்குள் எட்டிப் பார்த்தான். தரையில் விரித்த போர்வையில் வாலு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். முகம் தெரியவில்லை. எழுப்பாமல் திரும்பினான்.

நடுவர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

"இந்த நேரத்துல இதைப் பேசறது எனக்கே நல்லா இல்லை. ஆனா என் வேலை இன்னையோட முடியணும். கிளம்பினதுலேர்ந்து இந்தக் கதவைத் தொட்ட வரைக்கும் நாலு மணி ஆறு நிமிஷம். தையல் போட்ட நேரத்தைக் கழிச்சுட்டேன். அது பயணத்துல சேராது."

நான்கு மணி ஆறு நிமிடம். பதினொன்றைக் கூட்டி அவன் போட்ட கணக்கு ஒரு நிமிடம்கூடத் தப்பவில்லை.

"ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க. அதுக்கு முன்னால ஒரு கேள்வி. எல்லா இடத்திலயும் இதைக் கேக்கணும். இன்னைக்குப் பயணம் வழக்கம்போலத்தான் இருந்ததா? பொண்ணுக்கு அடிபட்டதை விடுங்க. நேரத்தைக் கேக்கறேன். இதுல நீங்கதான் தெரிஞ்சவர், அதனால உங்களைக் கேக்கறேன்."

"மேகம் இருந்தது" என்றான். "மேகம் இருக்கற நாளும் உண்டு."

"அப்போ இதுவும் வழக்கம்தான்."

"ஆமா."

அவள் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள்.

"வீடு பாக்கறதுக்கு நாலு தடவை வந்துட்டுப் போயிருக்கேன்" என்றாள். "ஒரு தடவைகூட ஏரியைப் பார்த்ததில்லை."

"நீங்க அந்தப் பக்க ஜன்னல்ல உக்காந்திருக்க மாட்டீங்க."

"நாலு தடவையுமா?"

"அதான் சொன்னேனே. மேகம் இருந்தா அந்தப் பக்கம் போகும்."

"ஏரி மேலதான் மேகமே இருந்தது" என்றாள்.

நடுவர் பேனாவின் மூடியைக் கழற்றினார். தாளை அவன் பக்கம் நீட்டினார். அவன் குனிந்து வாங்கிக்கொண்டான். பெட்டியின் மேல் வைத்து எழுத வேண்டும். முழங்காலிட்டு உட்கார்ந்தான்.

"அப்பா."

வாலு அறை வாசலில் நின்றிருந்தாள். தாடையிலிருந்து காது வரை வெள்ளைக் கட்டு. வாயை முழுதாகத் திறக்க முடியாமல் பல்லைக் கடித்தபடி பேசினாள்.

"வாடா கண்ணு."

அவள் வந்து, முழங்காலிட்டிருந்தவன் தோளில் சாய்ந்துகொண்டாள். மருந்து வாசனை அடித்தது.

"வலிக்குதா?"

"ஊசி போட்டாங்க. இப்போ இல்லை." கட்டின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தாள். "நான் பெல்ட்டைக் கழட்டிட்டேம்ப்பா. போடுன்னு சொன்னாங்க. போட்டுட்டு மறுபடி கழட்டிட்டேன். என் தப்புதான்."

"ஏன் கழட்டினே?"

"ஏரி ரெக்கைக்கு அடியில போயிடுச்சு. மண்டி போட்டு எட்டிப் பார்த்தேன். அப்போதான் தூக்கிப் போட்டுது." அவள் குரல் தாழ்ந்தது. "ரொம்பப் பெருசுப்பா. மேப்ல இருக்கற மாதிரியே ஓரம் எல்லாம் வளைஞ்சு வளைஞ்சு. நடுவுல ஒரு தீவுகூட இருக்கு. மேப்ல அதைப் போடலை."

அவன் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டிருந்தான்.

"அம்மாகிட்ட சொன்னேன். ஏரி வழியா வேற யாரும் போக மாட்டாங்க, எங்கப்பா எனக்காகப் போட்டதுன்னு. அம்மா நம்பலை. மேகத்துக்காக இருக்கும்கறாங்க." அவள் தலையை எடுத்து அவன் முகத்தைப் பார்த்தாள். "நான் கேட்டேன்ல? ஒரு தடவைகூடவான்னு. எனக்காகத்தானேப்பா போட்டே?"

கீழே தெருவில் யாரோ ஒரு வண்டியைக் கிளப்ப முயன்று, முடியாமல், மறுபடி முயன்றுகொண்டிருந்தார்கள்.

மேகம் என்று சொன்னால் தாளில் கையெழுத்துப் போடலாம். வாலு அவனோடு இருப்பாள். வரைபடத்தின் முன்னால் நாற்காலி போட்டு ஏறி நிற்பாள். ஞாயிறு மட்டும் இல்லை, எல்லா நாளும்.

அவள் இன்னும் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டு ஓரத்தில் மருந்து மஞ்சளாகக் கசிந்திருந்தது.

"ஆமா" என்றான். "உனக்காகத்தான்."

வாலு திரும்பி அம்மாவைப் பார்த்தாள். "பாத்தியா?" என்றாள். சிரிக்கப் பார்த்தாள். வலித்தது. கையால் தாடையைப் பிடித்துக்கொண்டாள்.

அம்மா அசையவில்லை.

நடுவர் பேனாவைக் கீழே வாங்கி வைத்தார். "பாப்பா, உள்ளே போய்ப் படும்மா. நாங்க பேசிட்டு வரோம்."

வாலு போனாள். நடுவர் அவன் முன்னால் இருந்த தாளைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

"மேகம்னு சொன்னீங்க."

"நேர் வழியில மேகம் இல்லை."

"அந்த வழியில எவ்வளவு கூடுதல்?"

"பதினொண்ணு."

நடுவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். நாலு ஆறு என்பதை அடித்துவிட்டு, மேலே மூன்று ஐம்பத்தைந்து என்று எழுதினார். பெட்டி அட்டை மெத்தென்று இருந்ததால் பேனா ஒரு இடத்தில் தாளைத் துளைத்தது.

"இதையும் நான் எழுத வேண்டியிருக்கும்" என்றார். "ஏன் அடிச்சேன்னு கேப்பாங்க."

"எழுதுங்க."

"உங்க ஆபீசுக்கும் தெரியவரும்."

"தெரியும்."

கையெழுத்துப் போட்டான். அவளும் வந்து போட்டாள். பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவள் அடுப்படிக்குள் போனாள். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. நெடுநேரம் தண்ணீர் ஓடியது. அவன் எழுந்து போனான்.

அவள் சட்டைக் கையைக் குழாயடியில் பிடித்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கறை போகவில்லை.

"தையல் போடும்போது அவ அழலை" என்றாள். திரும்பவில்லை. "டாக்டர்கிட்ட பேசிட்டே இருந்தா. எங்கப்பாதான் வழி போடறவர், எனக்காக மாத்தினார்னு. அந்த டாக்டர் சிரிச்சுட்டு, குடுத்து வெச்சவ நீன்னார்."

அவள் தேய்ப்பதை நிறுத்தினாள்.

"நிஜமாவே அவளுக்காகவா போட்டே?"

"இல்லை."

அவள் குழாயை மூடினாள்.

"தெரியும்" என்றாள். "அவகிட்ட மட்டும் என்னைக்கும் சொல்லாதே."

*

ஞாயிறு காலை நால்வரும் விமான நிலையத்துக்குப் போனார்கள். வாலு டாக்சியில் நன்றாகத்தான் வந்தாள். உள்ளே வந்து பெட்டியைக் கொடுக்கும் வரை ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடிக்கு அப்பால் விமானத்தைப் பார்த்ததும் நின்றாள்.

"நான் வரலை."

"முக்கால் மணி நேரம்தான் கண்ணு" என்றாள் அம்மா. "கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள வந்துடும்."

"வரலை."

"அப்பாவும் கூடவே வராரு."

"நேத்தும் அப்பா போட்ட வழிதானே? அதுலதான் குலுக்கிச்சு."

அவன் அவள் முன்னால் உட்கார்ந்தான். நேர் வழியைப் பற்றிச் சொன்னான். நேற்று தான் வந்தபோது தம்ளரில் தண்ணீர் அசையவே இல்லை என்று சொன்னான்.

"அப்போ நேத்து எங்களை ஏன் அதுல அனுப்பலை?" என்றவள், உடனே தானே சொன்னாள். "ஓ, ஏரி."

அவன் எழுந்துகொண்டான்.

தூக்கிக்கொண்டு போகப் பார்த்தார்கள். வாலு ஒரு தூணைக் கட்டிக்கொண்டு கத்தினாள். கத்தியதில் தையல் ஓரத்தில் ரத்தம் பொட்டாக வந்தது. விட்டுவிட்டார்கள்.

நடுவர் கைப்பையோடு ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம்" என்றாள் அவள். "இவ பிளேன்ல ஏற மாட்டேங்கறா. அடுத்த மாசம் நாங்க இங்க வந்துட்டா வாராவாரம் இவ எப்படிப் போவா?"

"பஸ் இருக்கில்ல?"

"பஸ் ஒன்பது மணி நேரம்."

"பயம் போற வரைக்கும்தானே." நடுவர் ஒரு கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு இன்னொன்றை. "நான் என்னம்மா பண்ணட்டும்? உத்தரவுல பயணம்னுதான் இருக்கு. நான் விமானத்துல போய்ப் பார்த்தேன். மூணு ஐம்பத்தஞ்சு. நீங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாச்சு."

வாலுவின் தலையைத் தொட்டுவிட்டு நடுவர் உள்ளே போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

"நீங்க பிளேன்ல போங்க" என்றான் அவன். "நான் இவளைக் கூட்டிட்டு வரேன்."

"நானும் பஸ்ல வரேன்."

"போய்ச் சேர ராத்திரி ஆயிடும். நாளைக்குக் காலையில உங்களுக்கு லேப் இருக்கு."

அவள் அவனையும் வாலுவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சரி, போ" என்றாள். "இனிமே அந்த வழி உனக்குத்தான். இப்பவே பழகிக்கோ."

பேருந்தில் ஜன்னல் ஓரமாக வாலுவை உட்கார வைத்தான். அவள் இருக்கையின் இரண்டு பக்கமும் கையை விட்டுத் தேடினாள்.

"பெல்ட் எங்கே?"

"பஸ்ல கிடையாது."

அவள் அவன் கையைப் பிடித்து இழுத்துத் தன் மடிக்குக் குறுக்கே போட்டாள். அந்தப் பக்க ஓரத்தில் அவன் விரல்களைக் கொண்டுபோய் இருக்கைக் கம்பியைப் பிடிக்க வைத்தாள். இழுத்துப் பார்த்தாள். பேருந்து கிளம்பியது.

ஊரைத் தாண்டிய பிறகு கேட்டாள்.

"இந்த ரோடு ஏரிப் பக்கம் போகுமாப்பா?"

அவனுக்குத் தெரியவில்லை. அந்த இரண்டு ஊர்களுக்கு இடையே வானத்தில் எத்தனை வழி, எந்த இடத்தில் எவ்வளவு உயரம், எல்லாம் தெரியும். கீழே ரோடு எப்படிப் போகிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

"கண்டக்டர்கிட்ட கேக்கட்டுமா?"

வாலு யோசித்தாள்.

"வேண்டாம்" என்றாள். ஜன்னல் திரையை இழுத்து மூடினாள்.

கொஞ்ச நேரத்தில் தூங்கிப்போனாள். பேருந்து ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் அவள் உடம்பு விறைத்து, பிறகு தளர்ந்தது. அவன் கை மரத்துப் போயிருந்தது. கம்பியை விடவில்லை.